எனக்குப் பின்னால் வந்தவன்

எங்கள் கடலோரத்துக்குச் சைக்கிள் மிதிக்க வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: போகும்போது எதிர்காற்று இருக்கட்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டுவிடும். மேலே அரிச்சா கணவாய், கீழே கடல், நடுவில் ஆட்டுப்பட்டிகளும் பைன் தோப்புகளும். வழி போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ஸ்பெயினின் வடக்கே, எங்கள் பாஸ்க் நாட்டில் பூசைக்குப் போகாதவன்கூட ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் போவான். எங்கள் சைக்கிள் சங்கத்தில் அந்தச் சவாரிக்கு வழி சொல்வதும் நான்தான், முன்னால் போவதும் நான்தான். இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, மேடம். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து பிரேக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. முந்தின நாள் நானே கம்பியை மாற்றினேன். என் தம்பி உட்காருகிற வண்டியின் பிரேக்கில் நான் கை வைப்பேன் என்று நினைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். அதனால் எங்களிடம் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. குழி என்றால் விரலைக் கீழே நீட்டுவோம். சேறோ சரளையோ கிடந்தால் உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் வீசிக் காட்டுவோம். கை வராவிட்டால் சாலை சுத்தம் என்று பொருள். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்த்தால் முன்னால் போகிறவனை நம்பவில்லை என்று ஆகிவிடும்; அதை எங்கள் ஊரில் லேசில் மன்னிக்க மாட்டார்கள்.

பெனியாத் என் முதுகைப் பார்த்தே வளர்ந்தவன். அப்பா கடலோடு போனார். அம்மா அடுத்த ஆண்டே கண்ணை மூடினாள். அவனுக்குச் சோறு போட்டது நான், பால் பற்கள் விழுந்தபோது எடுத்து வைத்தது நான், முதல் சைக்கிளில் ஏற்றிவிட்டதும் நான். சங்கத்தில் சமைக்கிற சோமின் அவனைக் கிண்டல் செய்வார்.

"ஏம்பா பெனியாத், இந்த ஊர்ல கடல்னு ஒண்ணு இருக்காமே, பாத்திருக்கியா? இல்ல, உங்க அண்ணன் முதுகு மட்டும்தானா?"

"அண்ணன் முதுகே கடல் மாதிரிதாங்க இருக்கு. வர வர அகலமாயிட்டே போவுது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு பிரான்சிலிருந்து ஒரு பந்தய அணி அவனைக் கேட்டது. அவன் மலை ஏறுவதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். சனிக்கிழமை மதியம், நான் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நல்லதுடா. எப்பத் திரும்புவ?"

"திரும்புறதா? அங்கேயே வீடு குடுக்குறாங்க. நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க. எத்தன நாளைக்கு எனக்கு நெத்திலி வறுத்துக்கிட்டு இருப்ப?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் எங்கள் வீட்டில் நான் மட்டும் ஒரே ஒரு தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தேன். பயந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. பயந்த மனிதன் செய்வதைத்தான் நானும் செய்தேன், யோசித்தேன்.

கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு ஒன்று முறிந்தால் போதும் என்று யோசித்தேன். எங்கள் ஆட்களில் காறை எலும்பு முறியாதவனே கிடையாது. அது ஒரு அடியே இல்லை. அந்த வாரம் பைன் மரம் ஏற்றிய லாரிகள் கணவாய்க்குக் கீழே ஒரு வளைவில் சேற்றை இறைத்துவிட்டுப் போயிருந்தன. சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரமெல்லாம் நல்ல புல். விழுந்தாலும் மெத்தென்று விழுவான். வேறு வளைவுகளும் இருந்தன, அங்கெல்லாம் பாறை; வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சவாரியில் அந்தச் சேற்றை நெருங்கியதும் நான் கடைசி நொடியில் ஒதுங்கினேன், ஆனால் பின்னால் வருகிறவனுக்குக் காட்டக் கையை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. புல்லுக்குள் ஒரு எல்லைக்கல் இருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை, அதை என் கணக்கில் எழுதாதீர்கள். அவன் நெற்றி அதில் மோதியது. கண்கள் இரண்டும் போய்விட்டன.

நினைவு வந்ததும் அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணன் கை காட்டுனாருங்க. நாந்தான் கவனிக்கல. கடலப் பாத்துட்டேன் போல."

கட்டுப் போட்ட முகத்தோடு, வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அண்ணன் கை காட்டாமல் இருந்திருக்க முடியும் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. அதனால் வராத கையை வந்ததாகவே நம்பிவிட்டான். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறக்கப் போனதுண்டு. அவன் நம்பிக்கையைக் கெடுப்பது பாவம் என்று தோன்றியது. ஊரும் அப்படியே பேசிவிட்டது. அதன்பிறகு நான் எங்கே போவது? நான்தான் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சங்கம் ஒரு இரட்டை சைக்கிள் வாங்கியது. முன்னால் நான், பின்னால் அவன். இரண்டு பேர் மிதிக்கும் ஒரே சங்கிலி அது. நான் மிதித்தால் அவன் கால்களும் சுற்றியாக வேண்டும். நான் நிறுத்தினால்தான் அவனால் நிறுத்த முடியும். "இடப்பக்க வளைவு, மேடு வருது, இப்ப கடல் தெரியுது" என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று சோமின் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சில நாள் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வரும். காற்றில் சரியாகக் கேட்காது. எங்களுடைய மிக நல்ல ஆண்டுகள் அவைதான்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். மைதேர், பம்ப்லோனா நகரத்துக்காரி. பார்வையற்றவர்களுக்கான பந்தயங்களில் முன்சீட்டில் ஓட்டுகிறவள். பெனியாத்தின் கால்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அவனிடம் கேட்டாள்.

"எங்கூட வர்றீங்களா? ஆனா ஒண்ணு, எனக்கு வளவளன்னு பேச வராது. மேடு வந்தா ஒங்க தொடையே சொல்லும்."

அவன் சிரித்தான். விழுந்ததற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும், "அண்ணே, போகலாம்னு இருக்கேன்" என்றான். பாவம், சொல்வதற்கு அவனுக்கு அவ்வளவு தயக்கம். நான் அவனுக்குச் செய்ததையெல்லாம் நினைத்திருப்பான்.

போன சனிக்கிழமை அவர்கள் இருவரும் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மைதேர் என்னிடம் வழி கேட்டாள். கணவாய் வரை ஏறி, மறுபக்கம் பட்டி வழியாக இறங்கச் சொன்னேன். அந்தச் சரிவின் அடியில், ஒரு திருப்பத்துக்கு அப்பால், சாலைக்குக் குறுக்கே இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது. ஆடுகளை மேலே ஓட்டும் சனிக்கிழமைகளில் காலை முழுவதும் அதைச் சாத்திவைப்பார்கள்.

"மாதா கோயிலத் தாண்டுனதும் பிரேக்க விட்டுரும்மா. தொடச்ச மாதிரி இருக்கும் ரோடு" என்றேன்.

பெனியாத் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, சனிக்கிழமைன்னா கதவு சாத்தியிருப்பாங்களே?"

"இந்த வருஷம் இல்லடா. ஆட்டையெல்லாம் வித்துட்டாங்க."

"அப்படியா, சரி" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வண்டி கிளம்பியது.

முன்சீட்டில் இருப்பவர்தான் முதலில் மோதுவார். பின்னால் இருப்பவனுக்கு அவ்வளவாக அடிபடாது. அதை யோசித்துத்தான் செய்தேன். நான் யோசித்தபடியே ஆயிற்று, பாருங்கள்: மைதேர் அங்கேயே போய்விட்டாள், பெனியாத்துக்கு இடுப்பெலும்பு மட்டும்தான். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனேன்.

அந்தப் பட்டியின் ஆட்டுக்காரர் மருத்துவமனைக்கு வராமல் இருந்திருந்தால் நாம் இப்படி உட்கார்ந்து பேச வேண்டியிருக்காது. நல்ல மனிதர், வாய் சும்மா இருக்காது. பாலாடைக் கட்டி கொண்டுவந்து படுக்கை அருகே உட்கார்ந்துகொண்டு, "சாத்துற நாள்னு உங்கண்ணனுக்குத் தெரியுமேப்பா. அன்னைக்குக் காலையில வந்து எங்கிட்டக் கேட்டுக்கூடப் போனாரே" என்று சொல்லிவிட்டார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். பெனியாத் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தான். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே. முன்னாடி, நான் விழுந்த அன்னைக்கு, நீ கை காட்டுனியா?"

"காட்டுனேன்டா."

"நான் கடலப் பாக்கலண்ணே. ஒன் முதுகத்தான் பாத்துட்டு வந்தேன். இப்ப ஞாபகம் வருது. ஒன் முதுகு மட்டுந்தான் இருந்துச்சு."

அதன் பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, உங்களுக்குப் போன் செய்யச் சொன்னான்.

அவன் சொன்னது சரிதான். முதல் தடவை சேறு கிடப்பது தெரிந்தே கையை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கதவு சாத்தியிருப்பது தெரிந்தே இல்லை என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னை வார்டுக்குள் விடக்கூடாது என்று அவனே சொல்லியிருக்கிறானாம், என் குரலைக் கேட்டால் உடம்பு நடுங்குகிறதாம். வலியில் இருப்பவன் ஏதாவது சொல்வான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனை வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள், மேடம். அந்தப் பெண்ணும் போய்விட்டாள். இனி அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?