இருட்டிய பிறகு கடற்கரையில்

மலாயாவில் கம்யூனிஸ்டு கொரில்லாக்களைத் தேடிய அவசரகாலம். கோலசிலாங்கூர் சாலையில் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தி, எங்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தாயும், மதராஸில் படித்துக்கொண்டிருந்து விடுமுறைக்கு வந்த அவள் மகனும் நின்றார்கள்.

“அங்க போன புதுசுல இருட்டுனதும் ஆஸ்டல் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்குவேம்மா.”

“ஏன்யா?”

“இங்க மாதிரி அங்கயும் ஊரடங்கு, வெளிய போனா சுட்டுருவாங்கன்னு நெனப்பு. எல்லாரும் சிரிச்சாங்க. என்கூடத் தங்குற தாமஸ் மட்டும் சிரிக்கல. கையப் புடிச்சுக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். இருட்டுல நடந்தோம். யாரும் சுடல. நான் அழுதுட்டேம்மா. அழுது முடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தான்.”

தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனப் பெத்தவ நல்லா இருக்கணும். நீ அங்க இருட்டுல நல்லா நடய்யா. நான் இங்க, நம்மள அடைச்சு வச்சிருக்குற முள்வேலிக்குள்ள நிம்மதியாத் தூங்குவேன்.”