தகரன் திரும்பி வாரான்

அந்த நாற்காலியில உக்காராத தம்பி, அது காலு ஆடும். இங்க சோபாவுக்கு வா, காத்தாடிக்கு நேரா. ஈப்போ வெயிலு இப்ப உனக்கு ஒத்துக்காது, கோலாலம்பூர்ல ஏசியிலயே இருக்கற ஆளு. கோப்பி கலக்கிட்டேன். சீனி கொறச்சுத்தான் போட்டிருக்கேன், வேணும்னா சொல்லு.

அம்மாவா? பசாருக்குப் போயிருக்காங்க. வர்ற நேரந்தான். சனிக்கெழம படத்து டிக்கெட்ட அவங்க கையிலயே குடு, அதுவரைக்கும் மேசையில இருக்கட்டும். இந்தப் பரிசுக் கூடையெல்லாம் என்னாத்துக்கு லா, தீவாளியா இப்ப? சரி, கொண்டாந்துட்ட, வை.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. ஆச்சரியமாத்தான் இருக்கு. கிராணியாரு மகன் தர்மேந்திரன் துளசியக்கா வீட்டு வாசப்படி ஏறி வருவான்னு யாரு நெனச்சா. தாப்பா பக்கம் தோட்டத்துல இருந்தப்ப நாங்கதானே உங்க வீட்டுக்கு வருவோம். உள்ள இல்ல, சன்னலுக்கு வெளிய. லயத்து வீட்டு வரிசையில எங்க டிவியெல்லாம் கோடு கோடா ஓடும். உங்கப்பா ஆபீசுல கணக்கு எழுதற கிராணி, உங்க வீட்டுல மட்டுந்தான் கூரைக்கு மேல பெரிய ஏரியல். சனிக்கெழம காலையில தகரன் கார்ட்டூன் பாட்டு கேட்டுச்சின்னா போதும், ரப்பர் பால் வாளிய அப்படியே போட்டுட்டு ஓடியாருவோம்.

என் தம்பி பவித்ரன மட்டும் நீ உள்ள விடுவ. அத நான் மறக்கல. பொறந்ததுலேருந்து அவனுக்கு எடது காலு வளைஞ்சிருக்கும், இரும்புப் பட்ட வச்ச சப்பாத்து போட்டிருப்பான். நடந்தா டங்கு டங்குன்னு கேக்கும். நீதான் அவனுக்குத் தகரன்னு பேரு வச்ச. மத்த பையனுங்களுக்கு அது கேலி. அவனுக்கு அப்படி இல்ல. அந்த ரோபோவுக்கும் தகரக் காலு, எனக்கும் தகரக் காலு, அப்ப நான்தான் தகரன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு சுத்துவான். பத்து வயசு. நீ என்னா சொன்னாலும் சரின்னுவான். தர்மேன் அண்ணன் சொன்னாரு, தர்மேன் அண்ணன் சொன்னாருன்னு சோறு திங்கும்போதும் உன் பேச்சுத்தான்.

ஆமா, பேட்டியில சொன்னியே, யூடியூப்ல பாத்தேன். நான் எடுத்திருக்கற இந்தத் தகரன் படமே என் தோட்டத்து நண்பனுக்குத்தான்னு. உனக்குக் கண்ணு கலங்குச்சி. நானும் அழுதேன், பொய் சொல்லல. அதுக்கு அடுத்து ஒன்னு சொன்ன பாரு, அதுல என் அழுக நின்னு போச்சி. வாரேன், அதுக்கும் வாரேன்.

மொதல்ல படத்தப் பத்திச் சொல்லு. ரொம்ப எதிர்பாக்கறாங்களாமே. அந்த ரசிகருங்க குரூப்புல நானும் இருக்கேன் லா, ஒன்னு விடாம படிப்பேன். எல்லாம் முப்பது முப்பத்தஞ்சு வயசு, புள்ளகுட்டி உள்ளதுங்க, ஆனா தகரன்னு வந்துட்டா மறுபடியும் சின்னப் பசங்கதான். தஞ்சோங் மாலிம்ல கார் பேக்டரியில வேல செய்யற கோலின்னு ஒருத்தன், தகரன் தலைய நெசத் தகரத்துலயே செஞ்சி வச்சிருக்கான். ஆயர் தாவார்லேருந்து ஒரு கூட்டம் வேன் புடிச்சி வாராங்க. தகரன் கண்ணு மஞ்சளா இருக்கணுமா செவப்பா இருக்கணுமான்னு ஒரு வாரம் சண்ட. பழையபடி பாட்டும் கூத்தும் வேணாம், நாங்க வளந்துட்டோம், இருட்டான கதயா குடு, தகரன் எப்படிப் பொறந்தான்னு காட்டு, வலிக்கிற மாதிரி காட்டு. இதுதான் அவங்க கேக்கறது. பாவம், வலின்னா என்னான்னு தெரியாம கேக்கறாங்க.

மொதல்ல நீ எழுதுனது வேற கத இல்ல? அம்மாக்காரி பையன அடிக்கிறா. பையன் அழுதுக்கிட்டே தனியா போயி தண்ணியில விழுந்து செத்துப் போறான். அவன் உசுரு தகரனுக்குள்ள போவுது. அப்படித்தானே?

எப்படித் தெரியும்னா, தெரியும். குடி, கோப்பி ஆறுது.

பேட்டியிலயும் அதத்தானே சொன்ன. என் நண்பன அவங்கம்மா அடிச்சிட்டாங்க, அவன் அழுதுக்கிட்டே தனியா லோம்போங் பக்கம் போனத நான் தூரத்துலேருந்து பாத்தேன், அதான் கடைசின்னு. லோம்போங்னா கேக்கறவங்களுக்குப் புரியாதுன்னு, ஈயம் தோண்டிட்டு விட்டுட்டுப் போன கொளம்னு வெளக்கம் வேற குடுத்த.

அதே வார்த்த தம்பி. அன்னிக்கு எங்கப்பாகிட்டயும் வேல வாங்கற மண்டோருகிட்டயும் போலீசுகிட்டயும் சொன்ன அதே வார்த்த. பன்னெண்டு வயசுல சொன்னத இத்தன வருசம் கழிச்சி ஒரு எழுத்து மாத்தாம சொல்ற. கண்ணால பாத்தது காலம் போகப் போக கொஞ்சம் அங்க இங்க மாறும். மனப்பாடம் பண்ணதுதான் அப்படியே நிக்கும்.

அம்மா அடிச்சது நெசந்தான். கூட வந்து பால் வாளி தூக்காம டிவி பாக்க ஓடறான்னு காலையில முதுகுல ஒன்னு வச்சாங்க. ஒன்னே ஒன்னு. அவன் அழக்கூட இல்ல. கொஞ்ச நேரத்துல சிரிச்சிக்கிட்டுத்தான் வெளிய போனான், வாசல்ல நின்னு நான் பாத்தேன். ஆனா நீ சொன்னதுக்கு அப்புறம் நான் சொன்னத யாரு கேப்பா. கிராணியாரு மகன் பொய் சொல்லுவானா. இருளாயி அடிச்சே மகன சாவடிச்சிட்டாளாம்னு லயம் முழுக்கப் பேசுனாங்க. எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு, குடிச்சிட்டு வர்ற ஒவ்வொரு நாளும். அவரு போய்ச் சேர்ற வரைக்கும் சொன்னாரு.

அதுக்கப்புறம் அம்மா அந்தக் கையால எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டுனதில்ல. எம் புள்ளைங்க ரெண்டு பேரு, ஒன்னையும் அவங்க தூக்குனதில்ல. மடியில கொண்டு போயி போட்டாக் கூட கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்குவாங்க. ஆகாத கைடி இது, வேணாம் எடுத்துக்கன்னுவாங்க. சின்னவ கேட்டா, ஏம்மா பாட்டி என்னத் தொடவே மாட்டேங்கறாங்கன்னு. நான் என்னா சொல்றது, நீயே சொல்லு.

உக்காரு, உக்காரு. சொல்லி முடிச்சிடறேன்.

கொளத்துலேருந்து அவன தூக்கிட்டு வந்து திண்ணையில்லாத அந்த லயத்து வாசல்ல மண்ணுலதான் போட்டாங்க. அப்ப அவன் சோத்துக்கை மணிக்கட்டுல என் கயிறு இருந்துச்சி. ரப்பர் பேண்ட ஒன்னோட ஒன்னு கோத்து பொம்பளப் புள்ளைங்க தாண்டி வெளையாடுவோமே, அது. செவப்பும் பச்சையும். நான் செஞ்சது, எனக்குத் தெரியாதா. நீளமாத் தொங்குச்சி, இன்னொரு நுனியில ஒன்னும் இல்ல. அக்கா கயித்த எடுத்து வெளையாடியிருக்கான்னு சொல்லி பெரியவங்க அவுத்துப் போட்டுட்டாங்க. நான் மட்டும் அந்த முடிச்சையே பாத்துக்கிட்டு நின்னேன். ரெட்ட முடிச்சி, இறுக்கமா. எடது கையால சப்பாத்து வாரக்கூட மாட்டத் தெரியாத பையன், தன் சோத்துக்கையில தானே எப்படி ரெட்ட முடிச்சி போடுவான்? யாரோ கட்டி விட்டிருக்காங்க. யாருன்னுதான் தெரியல. எல்லாப் பையனுங்களையும் ஒவ்வொருத்தனா நெனச்சிப் பாத்தேன். உன்னையும் நெனச்சேன். ஆனா நீதான் தூரத்துலேருந்து பாத்தவனாச்சே.

அப்புறம் பெரியவளாயி, கல்யாணமாயி, இந்தப் பக்கம் வந்துட்டோம். தோட்டமும் ரப்பர் மரத்த அழிச்சி செம்பனையாயிருச்சி. நீ தகரன திரும்ப எடுக்கப் போறேன்னு சேதி வந்துச்சி. ரசிகருங்க என்னா எதிர்பாக்கறாங்கன்னு கேட்டு குரூப்பு அட்மினுக்கு நீ மெசேஜ் போட்ட. நல்லதுதான், கேக்கணும் இல்ல? அம்மா அடிக்கிற கதய அனுப்புன. அட்மின் என்னா பதில் போட்டாங்க? இது அழுகாச்சி நாடகம், பையன் தனியாப் போனான்னா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க, கூட யாரோ இருந்திருக்கணும். சரியா? நீ உடனே ஒரு வில்லன கொண்டாந்து தள்ளி விட வச்ச. வேணாம், வில்லன் தள்ளுனா அது வெறும் சண்ட, இருட்டு இல்ல, அவன் நம்புன ஆளா இருக்கணும்னு பதில் வந்துச்சி. மாமன்காரன்னு எழுதுன. அதுவும் பத்தல. எங்களுக்குக் கற்பன வேணாம், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருந்தா அத எழுதுங்க, இல்லன்னா ரசிகருங்க ஏமாந்துருவாங்கன்னு போட்டாங்க. ரொம்ப நாளு நீ பதிலே போடல. அட்மினும் அவசரப்படுத்தல. அப்புறம் ஒரு நாளு சீனையே அனுப்பிட்ட. வரைஞ்சி, கலரு குடுத்து, சத்தமெல்லாம் சேத்து.

நான் வேல செய்யற கிளினிக்குல டாய்லெட் கதவ சாத்திக்கிட்டுத்தான் பாத்தேன்.

ஆமா. அட்மினுக்கு மட்டுந்தான் அனுப்புன. தெரியும்.

நல்லா எடுத்திருக்க தம்பி, கொற சொல்ல முடியாது. ரெண்டு பையனுங்க கொளத்தங்கரையில நிக்கிறானுங்க. பெரியவன் சின்னவன் கையில ரப்பர் கயித்தக் கட்டறான். தகரன் தண்ணிக்கு அடியில நடப்பான் இல்ல, நீயும் நட, இதுதான் உன் கரண்டு ஒயரு, ரெண்டு தடவ இழு, நான் தூக்கிருவேன்னு சொல்றான். சின்னவன் சிரிச்சிக்கிட்டே எறங்கறான். இரும்பு சப்பாத்து உள்ள இழுக்குது. கயிறு ஒரு தடவ இழுபடுது. ரெண்டாவது தடவயும் இழுபடுது. பெரியவன் கைய விட்டுட்டு ஓடறான். செவப்பும் பச்சையுமா கயிறு தண்ணி மேல கெடக்குது.

கலரக் கூட மறக்கல நீ.

அழாத. எனக்கு அது ஒன்னும் பண்ணாது. பன்னெண்டு வயசுப் பையன் பயந்து ஓடுனான், அத நான் விட்டுருவேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு. பயத்துல பொய் சொன்னான், அதக் கூட விட்டுருவேன். ஆனா வளந்து, மீச மொளச்சி, மைக்கப் புடிச்சிக்கிட்டு, மறுபடியும் எங்கம்மா கையிலயே கொண்டாந்து போட்ட பாரு. அதுக்கு மேல, அவங்கள மொத வரிசையில உக்கார வச்சி போட்டோ புடிக்கிறதுக்குக் கூடையத் தூக்கிக்கிட்டு வந்திருக்க பாரு. அத விட மாட்டேன். மூனு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு உன்கிட்ட நல்லா இருக்கு, இன்னும் இருட்டா, இன்னும் இருட்டான்னு எழுதிக்கிட்டு இருந்தது அம்மா மேல உள்ள பழிய எறக்கத்தான், வேற எதுக்கு?

போலீசுக்கா? போலீசுக்கு எதுக்குப் போறேன். கார்ட்டூன் தானேன்னுருவ. அவங்களும் சிரிச்சிட்டு அனுப்பிருவாங்க.

படத்த ஏன் நிறுத்தணும்? ஓடட்டும் லா, நல்லா ஓடட்டும். அந்த சீன வெட்டாத. வெட்டுனாலும் ஒரு காப்பி இருக்கு எங்கிட்ட. சனிக்கெழம படம் முடிஞ்சதும் ரசிகருங்க சார்பா மேடையில கேள்வி கேக்க அட்மின நீதானே கூப்பிட்ட. பேரு தெரியாம, மொகம் தெரியாம இவ்வளவு நாளு பேசிட்டோம், அவசியம் வாங்கன்னு எழுதியிருந்த. வாரேன். பேரு துளசின்னு போட்டுக்க. பவித்ரன் பொறந்த நாளுக்கு ஒரு தகரன் போட்டோ போட எனக்கு ஒரு எடம் வேணும்னு ஆரம்பிச்ச குரூப்பு அது, இவ்வளவு பேரு சேருவாங்கன்னு நானே நெனக்கல.

ஒரே கேள்விதான் வச்சிருக்கேன். கயித்த விட்டுட்டு ஓடுனவன் யாருன்னு கேப்பேன். அத்தன பேரு முன்னாடி, கேமரா முன்னாடி.

வேற வழியா? இருக்கு. அம்மாவுக்கு இன்னும் ஒன்னும் தெரியாது. நான் சொல்லலாம். சொன்னா, மக நம்மளத் தேத்தறதுக்குச் சொல்றான்னுவாங்க, நம்ப மாட்டாங்க. பாத்தேன்னு சொன்னவன் வாயால வந்த பொய், அதே வாயாலதான் போவணும். நீ இங்கயே சொல்லிட்டா சனிக்கெழம நான் வேற கேள்வி கேக்கறேன், கண்ணு ஏன் மஞ்சளா வச்சீங்கன்னு.

இல்ல, நாளைக்கு வாரேன் கீளைக்கு வாரேன்னெல்லாம் சொல்லாத. வெளிக் கேட்டு தெறக்கற சத்தம் கேக்குதா, அவங்கதான். கண்ணத் தொடச்சிக்க.

அம்மா, பைய அங்கயே வச்சிட்டு வாங்க. யாரு வந்திருக்கான்னு பாருங்க. நம்ம கிராணியாரு மகன் தர்மேன். உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்.