பேரு போட்ட பனியன்

இல்லீங்க தம்பி, டிஸ்பிளே நல்லாத்தான் இருக்குது. ஒடையல, ஒண்ணுமில்ல. சத்தந்தான் சரியா வர மாட்டேங்குது. எதப் போட்டாலும் கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்குது. என்னா, ஓட்டையில அடப்பு இருக்குதா? ஊசியில குத்தி எடுத்தா போதுமா? ஒண்ணும் ஆவாதா? அப்பாடா. அத இன்னொருக்கா சொல்லுங்க தம்பி. ஒண்ணும் ஆவாது. கேக்கவே மனசுக்கு எதமா இருக்குது.

இந்த ஸ்டூலு போதுங்க. நீங்க பாட்டுக்கு கழட்டுங்க, நான் பாட்டுக்கு பேசிக்கிட்டிருக்கன். எம்பேரு தீர்த்தம்மா. ஊரு பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தாண்ட நாவமரத்துக் கொட்டாய். ஆமாங்க, எங்க பக்கமும் செல்லு கடை இருக்குது, ஒண்ணுக்கு நாலா இருக்குது. இருந்தாலும் தொப்பூருக்குத்தான் வரணும்னு வந்துட்டன். ஏன்னா கேக்கறீங்க? சொல்றன், சொல்றன். இத்தன பஸ்ஸு மாறி வந்திருக்கன், சொல்லாம போவனா?

என்னா லாரிங்க தம்பி இது! கணவாயில ஏறறப்ப எப்படி மொனகுது பாருங்க, நெறமாசக்காரி மாதிரி. எறங்கறது புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுடுது. நாளெல்லாம் இப்படித்தானா? பழகிப் போச்சா? ஆமா, பழகிட்டா காதுல வுழாது. அதான் சங்கடமே.

என்னா வருது உள்ளருந்து? வெள்ளையா மாவு மாதிரியா? திருநீறா இருக்கும் தம்பி. எங்க வூட்டுல எல்லாத்துலயும் திருநீறு இருக்கும்.

எம்பையன் வாங்கிக் குடுத்த போனுங்க. சிலம்பரசன்னு பேரு. கோயில் கோயிலா சுத்தி, தல நரைக்கற வயசுல பெத்த ஒத்தப் புள்ள. இப்ப சேலத்துல இருக்கான். வேலைக்கு இல்லீங்க. ஜெயில்ல.

அட, ஸ்குரூவு வுழுந்துருச்சு பாருங்க. அந்தா, டப்பாகிட்ட உருண்டுகிட்டு போவுது.

கஞ்சா செடி போட்டுட்டான் தம்பி. குச்சிக்கிழங்கு, அதாங்க மரவள்ளி, அந்தக் காட்டுக்கு நடுவுல. எலையப் பாத்தா ரெண்டும் விரிச்ச கையி மாதிரியேதான். எங்கிட்ட, ஆத்தா இது மருந்துச் செடி, கம்பெனிக்கு போவுதுன்னான். கம்பெனின்னு சொல்லிட்டா நமக்கு எல்லாம் நெசந்தான? போலீசு வந்தப்ப அவங்களுக்கும் எது என்னான்னு வெளங்கல. பாதி கெழங்குச் செடியையும் சேத்து புடுங்கி அடுக்கிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு, ஐயா அது கெழங்குங்க, ஐயா அது கெழங்குங்கன்னு பின்னாடியே ஓடறாரு. ஒரு போலீசுக்காரரு கெழங்க ஒடச்சி கடிச்சிப் பாத்துட்டுத்தான் நம்புனாரு.

எப்படி மாட்டுனான்னு நீங்கதான் கேக்கணும், செல்லு கடை வச்சிருக்கற ஆளு. போன்ல ஒரு குரூப்பு தம்பி. அதுல ஒருத்தனுக்கும் சொந்தப் பேரு கெடையாது. ஒருத்தன் மலைக்காத்து, ஒருத்தன் ராஜநாகம். எம்பையன் சிங்கக்குட்டி. வூட்டுல ஓணானக் கண்டா கட்டலு மேல ஏறிக்குவான், அங்க சிங்கக்குட்டி! இவங்களுக்கெல்லாம் ஒரு வாத்தியாரு. பேரே வாத்தியாருதான். மூஞ்சி கெடையாது. எதையும் எழுதவும் மாட்டாரு, வாய்ஸு மட்டும் போடுவாரு. எழுதுனா அழியாதாம், பேசுனா காத்தோட போயிருமாம்.

செடியில ஒரு எல சுருண்டா பக்கத்துலயே நிக்கற அப்பங்கிட்ட வாயத் தொறக்க மாட்டான். போட்டோ புடிச்சி குரூப்புல போடுவான். வாத்தியாரு வைத்தியம் சொல்லுவாரு. வைத்தியத்தோட ஒழுக்கமும் சொல்லுவாரு. பேர மாத்து. மூஞ்சிய மற. ஊருப் பேரு வாயில வரக்கூடாது. அப்படி இருந்தா நம்மள ஆண்டவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. எம்பையன் அத்தனையும் கேட்டுக்கிட்டான். பள்ளிக்கூடத்து வாத்தியாரு பேச்ச அப்படி கேட்டிருந்தா இன்னிக்கு கலெக்டரு ஆபீசுல ஃபேனுக்கடியில உக்காந்திருப்பான்.

அப்பறம் எதுல மாட்டுனான்? பனியன்ல.

எங்கூரு மாரியம்மன் பண்டிகைக்கு பசங்க எல்லாம் ஒரே மாதிரி மஞ்சப் பனியன் அடிப்பாங்க. முன்னாடி அம்மன். முதுகுல அவனவன் பேரு, அதுக்குக் கீழ நாவமரத்துக் கொட்டாய் இளைஞர் குழுன்னு, ரோட்டுல போற பஸ்ஸுக்கே தெரியற எழுத்துல. நம்ம ஆளுக்கு செடி தளதளன்னு வந்ததும் பயம் புடிச்சிக்கிச்சு. போலீசு பயம் இல்லீங்க, கண்ணு பட்டுருமேன்னு பயம். வைக்கோல்ல பொம்ம கட்டி, தலைக்கு புள்ளி வச்ச சட்டியக் கவுத்து, அந்த மஞ்சப் பனியன மாட்டி நடுக்காட்டுல நிறுத்திட்டான்.

நிறுத்துனவன் சும்மா இருக்கலாமில்ல? செடிக்கும் பொம்மைக்கும் நடுவுல நின்னு ஒரு போட்டோ. தம் மூஞ்சிக்கு மேல சிங்கம் படத்த ஒட்டி நல்லா மறச்சிட்டான். பொம்ம பாவம், ஊரப் பாத்து திரும்பி நிக்குது. முதுகு போட்டோவுல தெளிவா வுழுந்துருச்சு. சிலம்பரசன், நாவமரத்துக் கொட்டாய்.

ஊர்க்கண்ணு படக்கூடாதுன்னு பொம்ம கட்டுனவன், ஒலகத்துக் கண்ணுக்கெல்லாம் அந்தப் பொம்மையோடவே காட்டிட்டான். சிரிங்க தம்பி, பரவால்ல. நானே அழுதுக்கிட்டே சிரிச்சவதான்.

அந்தக் குரூப்புல ஒரு போலீசுக்காரரும் இருந்திருக்காரு. அவரும் பேர மாத்தி, மூஞ்சிய மறச்சித்தான் இருந்தாரு. வாத்தியாரு சொன்னத ஒழுங்கா கேட்டு நடந்த ஒரே ஆளு அவருதான். வந்தவங்க மொதல்ல பொம்மையத்தான் புடிச்சாங்க. இன்னிக்கும் ஸ்டேஷன் மூலையில பனியனோட நிக்குது. எம்பையன அங்க வச்சிருந்தப்ப நான் போனா, அவனப் பாக்க வுடறதுக்கு முன்ன அதத்தான் பாக்க வேண்டியிருந்துச்சு.

ஆனா சங்கதி அது இல்ல தம்பி. குரூப்புல இருந்ததுலயே நெசப் பேரு வெளிய தெரிஞ்சவன் எம்பையன் ஒருத்தன்தான். அதனால இவந்தான் மொத்தக் கூட்டத்துக்கும் தலைவன்னு எழுதிட்டாங்க. மத்தவங்கல்லாம் காத்து, நாகம். காத்தப் புடிச்சி உள்ள போட முடியுமா? தலைவன்னு ஆயிட்டா வெளிய வர்றது வருசக் கணக்கா இழுக்குமாம். நானும் அவங்கப்பனும் அதுவரைக்கும் இருக்கணுமே. வெத குடுத்தது யாரு, வெளைஞ்சா நானே வந்து எடுத்துக்கறன்னு சொன்னது யாரு? வாத்தியாரு. அவரு கெடைக்கலன்னா எம்பையந்தான் வாத்தியாருன்னு ஆயிரும்.

என்னா தம்பி, பேச்சையே காணம்? நான் வந்தப்ப நல்லா பேசிக்கிட்டிருந்தீங்க. இப்ப தலைய மட்டும் ஆட்டறீங்க. தொண்ட கட்டிக்கிச்சா? தண்ணி குடிங்க, பாட்டிலு உங்க பின்னாடிதான் இருக்குது.

வாத்தியாரு அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டு போயிட்டாரு. அவரு பக்கமும் அழிச்சி, பையன் பக்கமும் அழிச்சி. கெட்டிக்காரரு. ஆனா எம்பையன் போன்ல சார்ஜு நிக்காது பாருங்க, அதனால அந்தக் குரூப்பையே இந்தப் போன்லயும் போட்டு வச்சிருந்தான். ஒலகத்துல அத்தன பேருகிட்டயும் மறச்சவனுக்கு, பெத்தவகிட்ட மறைக்கணும்னு தோணல. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே!

படிக்கத் தெரியாதுங்க. கேக்கத் தெரியுமில்ல? பக்கத்து வூட்டு சோபனான்னு ஒரு புள்ள, நர்சுக்கு படிக்குது. போலீசு வந்த அன்னிக்கே அது ஓடியாந்து, வாத்தியாரு அழிக்கறதுக்குள்ள சில வாய்ஸ எடுத்து தனியா பத்திரம் பண்ணிருச்சு.

அதத்தான் தெனமும் போட்டுக் கேட்டன். எங்க ஆடுங்க காட்டுல எது எங்க மேயுதுன்னு கழுத்து மணிய வச்சே சொல்லிருவன் நான். வாத்தியாரு பேசுனது எனக்கு எதுக்கு? அவரு பேச்சுக்குப் பின்னாடி என்னா கேக்குதுன்னு பாத்தன். லாரிங்க மொனகுது, நெறமாசக்காரி மாதிரி. இந்தாண்ட ஒரு கரும்பு ஜூஸு மெஷினு, சலங்க கட்டுனது. அதுல ஒரு சலங்க ஒடஞ்சது. மத்ததெல்லாம் ஜல்லு ஜல்லுங்குது, அது மட்டும் ஓட்டச் சொம்பத் தட்டுன மாதிரி டொக்குங்குது.

தருமபுரி பஸ்டாண்டுல போயி நின்னன். ஜூஸு மெஷினு இருக்குது, லாரி மொனகல. ரோட்டோரம் ஒவ்வொரு கடையா எறங்கி எறங்கி ஜூஸு குடிச்சன். ஓசியில நின்னு சலங்க கேட்டா கடைக்காரன் என்னா நெனப்பான்? எனக்கு சக்கர ஏறிப் போச்சு, டாக்டரு திட்டறாரு. அப்பறம் போன வாரம் இங்க வந்து பஸ்ஸ வுட்டு எறங்கறன், காலு இன்னும் தரையில படல. ஜல்லு, ஜல்லு, டொக்கு. உங்க கடைக்கு ஒட்டுனாப்ல. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க? ஓ, பழகிப் போச்சுன்னீங்க இல்ல.

மூடிட்டீங்களா? சரி, சத்தம் வருதான்னு போட்டுப் பாக்கணுமில்ல. அந்த முக்கோணத்த அமுக்குங்க. ஏன் தம்பி, கைய எடுத்துக்கிட்டீங்க? ஷாக்கு அடிக்குதா? குடுங்க, நானே அமுக்கறன்.

அடேங்கப்பா. நல்லா சரி பண்ணிட்ட சாமி. கணீர்னு கேக்குது. போன்லயும் டொக்கு, வெளியவும் டொக்கு, ஜோடி சேந்து போச்சு பாரு. என்னமோ நீ, வா, போன்னு வருது, கோவிச்சுக்காத. தெனமும் தலமாட்டுல வச்சிக் கேட்ட கொரலு, வெளியாளுன்னே தோணல. இந்தா, இந்த எடம். பேர மாத்து, மூஞ்சிய மற, ஒண்ணும் ஆவாது. அந்தக் கடைசி வார்த்தைக்கோசரந்தான் நான் வந்ததும் உன்னய இன்னொருக்கா சொல்லச் சொன்னன்.

ஷட்டர எறக்காத கண்ணு, கையில பட்டுரும். ஜூஸு கடையில கறுப்பு கோட்ட மடிச்சி வச்சிக்கிட்டு ஒரு அம்மா நிக்குது பாரு, கோகிலவாணி, எங்க வக்கீலு. கூட நிக்கற ரெண்டு பேரு மப்டியில வந்திருக்காங்க. பேரு கேட்டா சொல்ல மாட்டாங்க. உங்க குரூப்பு வழக்கந்தான்.

உன்னய அடிக்க வுட மாட்டன், வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கன். நீ வந்து நடந்தத நடந்த மாதிரி சொல்லு, எம்புள்ள அவன் பண்ணதுக்கு மட்டும் இருந்துட்டு வரட்டும். வா, எந்திரி. ஒண்ணும் ஆவாது. உனக்கும் ஒரு ஜூஸு சொல்லட்டுமா? ஐஸு வேணாம், தொண்ட இன்னும் கட்டிக்கும். நெறைய பேச வேண்டியிருக்குது.