பத்து மணிப் பூட்டு

இங்கே எட்டு மணிக்கே சித்ரான்னம் கொடுத்துவிடுகிறார்கள் சார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. பழக்கம், விட முடியவில்லை.

என் பெயர் ஞானம்மாள். வயது ஐம்பத்தாறு. பிறந்தது கோலார் தங்கவயல், வாழ்வது பெங்களூர் நீலசந்திரா. பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். நீங்கள் கேட்பது என் வீட்டுக்காரர் ஜெயவேலுவைப் பற்றி. ஒளிக்க ஒன்றும் இல்லை.

அவர் ஆட்டோ ஓட்டினார். தொண்ணூற்றெட்டு கிலோ. சர்க்கரை ஏற்கெனவே இருந்தது, போன வருஷம் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றும் வந்தது. சாப்பாட்டைப் பகலில் பத்து மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும், எடை இறங்கினால் வயதான காலத்தில் நல்லபடியாக நடமாடுவார் என்றார் டாக்டரம்மா. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், ஆரம்பிக்கும் முன் தன்னிடம் வந்து மாத்திரையை மாற்றிக்கொள்ளவும் சொன்னார். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே வாயில் சர்க்கரை போட வேண்டும். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

மாத்திரைக்காக நான் போகவில்லை. அது எப்போதும்போல் காலை ஏழு மணிக்கே இருந்தது. சாப்பாட்டை மட்டும் நகர்த்தினேன். பத்து மணி நேரம் தாராளமாகப் பட்டது, எட்டாக்கினேன். காலை பத்துக்கு முதல் சாப்பாடு, சாயந்திரம் ஆறுக்குள் கடைசி. எங்கள் அப்பா ஒரு களி உருண்டையைத் தின்றுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கி, ஏறும்வரை பாறை உடைத்தவர். எங்கள் லைன் வீடுகளில் பசியால் யாரும் சாகவில்லை. பாறை விழுந்துதான் செத்தார்கள்.

ஆனால் இவருக்கு முடியவில்லை. பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, பேக்கரியில் பன்னும் டீயும். சட்டையெல்லாம் தூள். இரண்டு தடவை பிடிபட்டதும் அவரே ஒரு பூட்டு வாங்கி வந்தார். தன்னைத் தன்னால் அடக்க முடியவில்லை, ஆறு மணிக்கு உள்ளே விட்டுப் பூட்டிவிடு, காலை பத்துக்குத் திற என்றார். பூட்டினேன். உள்ளறையில் தண்ணீர், ஃபேன், ஒரு வாளி எல்லாம் வைத்திருந்தேன். மாத்திரையைச் சந்துப் பக்க ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். குறை வைக்கவில்லை.

ஒரு மாதம் போனதும் குத்திப் பேச ஆரம்பித்தார்.

“ஜெயில்ல கூட எட்டு மணிக்கு சித்ரான்னம் போடறான். உங்கிட்ட ஜாமீனே கெடையாதா ஞானம்?”

நானும் சிரித்தேன். பூட்டைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ஐந்து மாதத்தில் எண்பத்து நான்கு கிலோ. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

முப்பது வருஷம் அவர் தின்று எழுந்த பிறகு மிச்சத்தைத் தின்றவள் நான். அவருக்குப் பசித்தால் அடுப்பு எரியும், எனக்குப் பசித்தால் எரியாது. சாவி என் இடுப்புக்கு வந்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. அதனால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உடம்புக்காகச் செய்தது.

திங்கட்கிழமை டவுன் ஹால் பக்கம் டிராஃபிக்கில் மாட்டி ஆறு இருபதுக்கு வந்தார். ஆறு மணிக்கே தட்டை எடுத்துவிட்டேன், அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஏழு மணிக்கு மாத்திரை போட்டார். எட்டரைக்குத் தட்ட ஆரம்பித்தார்.

“ஞானம், வேர்க்குது. கை நிக்கல. வாயில எதனா போடு.”

பன்னுக்கு நாடகம் என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர்வீட்டு ஷில்பா வேலைக்குக் கிளம்பினவள் வாசலில் நின்றாள்.

“ஆன்ட்டி, அங்கிள் தட்டிக்கிட்டே இருக்காரு. தொறந்து பாருங்க.”

“பத்து மணிக்குத் தொறப்பேன்மா. உனக்கு பஸ் போயிடும், கெளம்பு.”

அவள்மேல் தப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டார். செத்துப்போன அவருடைய அம்மாவை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இது நாடகம் இல்லை. சர்க்கரை டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். மணி ஒன்பது இருபது. நாற்பது நிமிஷம்தானே இருக்கிறது, இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் ஐந்து மாதமும் வீண் என்று தோன்றியது. மூடினேன்.

அப்பா சுரங்கத்தில் மீட்புக் குழுவிலும் இருந்தவர். பாறை மூடிய இடத்தில் இரும்புக் குழாயில் காதை வைத்துக் கேட்பார்களாம். உள்ளேயிருந்து தட்டினால் ஆள் இருக்கிறான், தோண்டு. தட்டல் நின்றால் கடப்பாரையைக் கீழே வை, இனி அவசரமில்லை. நான் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் முஷ்டியால், பிறகு உள்ளங்கையால், பிறகு நகத்தால். ஒன்பது முப்பத்தைந்துக்கு நின்றது.

அதற்குப் பிறகு அவசரமில்லை. ரவை வறுத்து உப்புமா கிளறினேன், அவருக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் குழைவாக. பத்து மணிக்குத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டுதான் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ள முடியவில்லை. அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். எண்பத்து நான்கு கிலோவும் அந்த நேரத்தில் கனமாகத்தான் இருந்தது.

நான்தான் செய்தேன் சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அறுத்துப் பார்த்திருப்பார்கள் இல்லையா? ஈரலில் கொழுப்பு குறைந்திருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள்.