எழுபதுக்கு முப்பது

வல்லக்கோட்டை கோயிலுக்குப் போக ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பின்னால் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். காருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை என்று பேச்சில் தெரிந்தது.

“கிளிசரின் ஏத்துனாலும் நெஞ்சு எரியுமாண்ணே?” என்றான் சின்னவன். திரவம் ஊற்றி, சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற பேனா மாதிரி ஒன்று அவன் கையில் இருந்தது.

“இன்னா ரேஷியோல ஊத்துன?” என்றான் பெரியவன்.

“மொதல்ல பாதிக்குப் பாதி. இழுத்தா இருமல். திங்கக்கிழமை கம்பெனி மெடிக்கல்ல மூச்சு பாக்க குழாய்ல ஊதச் சொல்வாங்க. ஊத முடியலன்னா வேலை பர்மனென்ட் ஆவாது.”

“கூட கலக்குற பீஜி கெமிக்கல்தான்டா தொண்டைய அறுக்கும். நம்ம பெயின்ட் தின்னர் மாதிரி அது. நூத்துக்கு முப்பது போதும். கிளிசரின் எழுபது ஊத்து. பஞ்சு மாதிரி எறங்கும்.”

“அதையும் ஊத்திப் பாத்துட்டேண்ணே. இப்ப உள்ள கீறது அதான்.”

“உனக்கு இழுக்கத் தெரியல. குடு.”

பெரியவன் ஓர் இழுப்பு இழுத்தான். அப்புறம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினான்.

மூச்சு வந்ததும் கேட்டான்: “பெயின்ட் பூத்துல நாள் பூரா மாஸ்க் எதுக்குடா போடறோம்?”

“பெயின்ட் பொகை நெஞ்சுக்குள்ள போவாம இருக்க.”

சின்னவன் அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான்.

“அப்போ மாஸ்க் போட்டுகினு இழுக்கலாமாண்ணே?”

பெரியவன் பேனாவைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

“அண்ணே, உனக்கும் திங்கக்கிழமைதான மெடிக்கல்?”

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அந்தப் பேனாவை ஒருவர் கையில் ஒருவர் திணித்துக்கொண்டிருந்தார்கள்.