முப்பது நாள் கெடு

"மன்னிச்ச பாவத்தை எல்லாம் கடவுள் எங்க போட்டு வெப்பாரு சார்?" என்று சர்ச்சில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஜெமி என்ற சிறுமி ஒருமுறை என்னைக் கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கேயும் போட்டு வைப்பதில்லை, மறந்துவிடுவார், மன்னிப்பு என்றால் அதுதான் என்று சொன்னேன். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. தொழிலாளர் துறையிலிருந்து நீங்கள் முதல் தடவை வந்து விசாரித்தபோது, இறந்துபோன ஜெயசீலன் புகார் போனில் பேசிய பதிவுகள் தானாக அழிந்துவிட்டன என்றேன். அது பொய் இல்லை. இன்று மறுபடியும் வந்திருக்கிறீர்கள். நடுவில் கம்ப்யூட்டர் பிரிவு நயீம் அகமது உங்களிடம் பேசியிருக்கிறான் என்று தெரிகிறது. பல வருஷமாக என் டிபன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்களிடம் வந்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் பேசுவான் என்று நான் நினைத்ததில்லை. போகட்டும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ரோட்டைப் பார்த்து ஷூ தைக்கிற பிரிவு. பின்னால் தோல் பதனிடுவது. அதற்கும் பின்னால் கழிவுநீர்த் தொட்டிகள். நான் ஆபீசில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். போன வருஷம், 2008-ல், எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தொழிலாளி யாராக இருந்தாலும் பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு போன் வேண்டும். பேசுவது பதிவாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுடைய ஆள் வந்து அதைக் கேட்பார். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. தைக்கிற பெண்கள் வீட்டுக் கஷ்டத்தைக்கூட என்னிடம் வந்து சொல்வார்கள். 'சுந்தர்ராஜ் சார் கிட்ட சொன்னா பாரம் எறங்கிடும்' என்பார்கள்.

பதிவான குரல்களை ஆபீசில் வைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கம்பெனியிடம் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு இடம் எடுத்திருந்தோம். கிளவுட் என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். "நம்ம ஊர் சண்டையை எல்லாம் அமெரிக்காக்காரன் வீட்டுப் பரண்ல ஏத்தி வெக்கறோம்ணே" என்று நயீம் சிரிப்பான். எதை எத்தனை நாள் வைப்பது என்று நாம் விதி போட்டுவிட்டால் போதும். நாள் முடிந்ததும் அவன் எழுதிய புரோகிராம் தானாகவே அழித்துவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

"ஒரு வருஷம் போட்டுடட்டுமா? வாடகை ஒண்ணும் ஜாஸ்தி வராது" என்று கேட்டான்.

"முப்பது நாள் போதும் தம்பி."

"முப்பது நாளா? எங்கம்மா போடற ஊறுகா இத விட ஜாஸ்தி நாள் தாங்கும்ணே."

ஊறுகாய் வேறு, கோபம் வேறு என்றேன். அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது என்று இரண்டு பெண்கள் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி போனில் கண்டபடி பேசினார்கள். மறுவாரம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அந்த வார்த்தைகளை எதற்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்? சொன்னவர்களே மறந்ததை ஒரு மிஷின் ஞாபகம் வைத்திருப்பது நல்லதில்லை.

கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் அழிக்கவும் இல்லை. இரண்டு பகுதிகள் வைத்தோம். ஒன்றின் பெயர் நிலுவை. அதில் இருப்பதற்குக் கெடு கிடையாது, எத்தனை வருஷம் ஆனாலும் இருக்கும். இன்னொன்றின் பெயர் முடிந்தது. அதற்குள் போனது முப்பது நாளில் மறையும். ஒரு புகாரை நிலுவையிலிருந்து முடிந்ததற்கு மாற்றுவது என் வேலை. புகார் சொன்னவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுவதும் கேட்பேன். கேட்டு முடித்ததும் மாற்றிவிடுவேன். மனுஷனுக்கு முக்கால்வாசி வேண்டியது தன்னை ஒருவர் கேட்பதுதான். வெளிநாட்டு ஆள் வரும்போது பெரும்பாலும் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. நல்ல கம்பெனி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார். யாருக்கும் பேஜார் இல்லை.

ஜெயசீலன் கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்தார். பேரணாம்பட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊர். தோல் கழுவிய தண்ணீர் தேங்கும் தொட்டியில் விஷவாயு சேரும். அடைப்பு எடுக்க ஆள் இறங்குவதற்கு முன்னால் ஊதுகிற மிஷினை ஓடவிட்டு அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். அந்த மிஷின் ரிப்பேராகிக் கிடக்கிறது, மேஸ்திரி அப்படியே இறங்கச் சொல்கிறார் என்று ஜெயசீலன் போனில் சொல்லியிருந்தார். நான் கூப்பிட்டேன். நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்கார மாட்டேன் என்றார். வற்புறுத்தி உட்காரவைத்தேன்.

"நான் பாத்துக்கறேன் ஜெயசீலன்" என்றேன்.

"உங்க கிட்ட சொன்னதே போதும் சார்" என்று சொல்லி, டீ கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் புகாரை முடிந்ததற்கு மாற்றினேன். மேனேஜர் மக்பூல் அகமதுவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அன்று ஒரு ஆர்டர் திரும்பி வந்திருந்தது, மனிதர் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் இதையும் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஜெயசீலனுக்காக ஜெபம் செய்தேன். இரண்டாவது முறையும் அவர் போனில் பேசினார். இரண்டாவது முறையும் கூப்பிட்டேன், டீ கொடுத்தேன், மாற்றினேன்.

மூன்றாவது பதிவை நான் பல தடவை கேட்டதால் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"என் பேரு ஜெயசீலன், தொட்டி வேல. ஊதற மிஷின் இன்னும் ரெடி பண்ணல. சுந்தர்ராஜ் சார் கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். நான் பாத்துக்கறேன்னாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவரால ஆவல போலருக்குது. அவருக்கு மேல யாராச்சும் இதக் கேட்டீங்கன்னா கொஞ்சம் சொல்லுங்க. எறங்கவே பயமா இருக்குது."

ஐயா, நீங்களும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர். உங்களுக்குப் புரியும். என் எதிரில் உட்கார்ந்து என் டீயைக் குடித்துவிட்டுப் போனவர், என்னைத் தாண்டி வேறு யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்கிறார். அதுவும் நான் காவல் இருக்கிற போனிலேயே. துரோகம் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரை நான் கூப்பிடவில்லை. அந்தப் புகாரை அன்றைக்கே முடிந்ததில் போட்டேன். அவர் பேசியதை மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்த வாரமே அவர் தொட்டிக்குள் இறந்தார். அப்போது கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அடைப்பு எடுக்க இறங்கினார், வாயு அடித்துவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனி எதையும் அழிக்கச் சொன்னது என்று நீங்கள் எழுத வேண்டாம், ஐயா. அவர் கேட்டது இதுதான்: "சுந்தர்ராஜ், அந்த ஆள் புகார் போன்ல எதாச்சும் சொல்லியிருக்கானா? இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு வெளிய வந்தா அசிங்கம்."

"நிலுவையில ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அது உண்மை. நிலுவையில் ஒன்றும் இல்லை. அதை நம்பித்தான் அவர் அறிக்கை கொடுத்தார். மிஷின் கெட்டிருப்பதை ஜெயசீலன் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் இறங்கச் சொல்லாமல் தானாக இறங்கினார், தவறு அவருடையது என்று. மேஸ்திரியும் அப்படியே சொன்னார். அந்த அறிக்கை நிற்கிற வரைக்கும் ஜெயசீலன் வீட்டுக்குக் கம்பெனி நஷ்டஈடு தராது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குள் அவருடைய மனைவி தனகோடி என்னைத் தேடி வந்தார். கூடவே மகள் சௌமியா, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள்.

"அவரு போன்ல சொல்லியிருக்கேன்னு எங்கிட்ட சொன்னாருண்ணா. மூணு வாட்டி. அதுல கொரல் அப்டியே இருக்குமாமே. அது கெடச்சா போதும், அவரு சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும்."

"இருக்கும்மா" என்றேன். நான் மறைக்கவில்லை. பழைய பதிவுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடு முடிந்து போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது பத்திரமாக இருந்தது. எடுத்துக் கொடுக்க முறை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், புது வருஷம் போகட்டும் என்றேன். இரண்டு பேருக்கும் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே கூடப் போனேன்.

நயீம் அந்தச் சமயத்தில்தான் என் மேஜைக்கு வந்தான். இதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பான்.

"அண்ணே, அந்தத் தொட்டி ஆளோட ஃபைலு முடிஞ்சதுல கெடக்குது. பொங்கல் லீவுல தானா போயிடும். நிலுவைக்கு இழுத்து விட்டுடட்டுமா? ஒரு கிளிக்குதான்."

"நான் பாத்துக்கறேன் தம்பி."

"மறந்துடப் போறீங்க."

"நான் எத மறந்திருக்கேன்?"

"அதுவும் சரிதான். ஊர்க் கவலை எல்லாம் ஒங்க மண்டையிலதான் கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் என்னை நம்பினான். அந்த நம்பிக்கையை இத்தனை மாதம் கழித்து உங்கள் முன்னால் கொண்டுவந்து கொட்டுவான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் லீவு விடுகிற அன்று தனகோடி மறுபடியும் வந்தார். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் உள்ளே காதில் ஹெட்போன் மாட்டி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் ஒருமுறை இருமுவார். 'நல்ல மனுஷன்தான்' என்கிற இடம் வரைக்கும் கேட்க நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு வருவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது ஆபீசில், கோர்ட்டில், சர்ச்சில் எல்லாம் ஒலிப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மனிதன் ஆயுசு முழுவதும் சேர்த்த நல்ல பெயரை, இறந்துபோன ஒருவர் விவரம் தெரியாமல் சொன்ன ஒரு வாக்கியம் கெடுத்துவிடும். அது அவருக்கே பிடித்திருக்காது.

வெளியே வந்தேன்.

"கேஸு ஒரு பக்கம் கெடக்கட்டும்ணா" என்றார் தனகோடி. "எங்க வீட்ல அவரு பேசினது எதுலயும் இல்ல. போட்டோதான் இருக்குது. பாப்பா அப்பா பேசறத கேக்கணும்னு தெனம் அழுவுது. ஒரே ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்க. நான் வேற எதுவும் கேக்கல."

சௌமியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அந்தக் குரல் இருந்தது. ஹெட்போன் சூடு என் காதில் ஆறவில்லை.

"மிஷின் ரிப்பேரும்மா" என்றேன். "பொங்கல் முடிஞ்சு வாங்க."

பாப்பாவுக்குக் கடையில் பன் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் அழிக்கவில்லை, ஐயா. அழிக்கிற பொத்தானை என் விரல் தொடவே இல்லை. லீவு நாளில், ஆபீசில் ஒரு ஆளும் இல்லாதபோது, விதி தன் வேலையைச் செய்தது.

பொங்கல் முடிந்து அவர்கள் வந்தபோது நானே திரையைத் திருப்பிக் காட்டினேன். ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அது நடிப்பு இல்லை. தனகோடி அந்த வெள்ளைத் திரையைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு என்னைத்தான் சமாதானம் செய்தார்.

"நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க. எங்களுக்காக இவ்ளோ அலைஞ்சீங்களே. அதுவே போதும்."

இப்போது அவர் பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறார். குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து இலை அடுக்குகிறாள் என்று கேள்வி. ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். ஜெயசீலன் சொன்னார், மூன்று முறை சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியை, காப்பாற்ற முடியும் என்று தெரிந்தே, கெடு முடிகிற வரைக்கும் அவர் மனைவியை அலையவைத்து, அழியவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் விசாரணைக்குத் தேவைப்படாது. சில வருஷங்களுக்கு முன்னால் என் மனைவி கிருபாவுக்கு வேலூரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். சர்ச்சில் எல்லோரிடமும் கேட்டேன். ஜெபம் பண்ணுகிறோம் என்றார்கள். ஷிப்ட் முடித்து, குளித்து, பஸ் ஏறி வந்து நின்றது ஜெயசீலன் ஒருவர்தான். அப்போது அவரோடு நான் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

போன சனிக்கிழமை நான் அதே ரத்த வங்கிக்குப் போனேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. எந்த நோயாளிக்கு என்று கேட்டார்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். அவர் கொடுத்தது ஒரு பை. நானும் ஒரு பை கொடுத்தேன். பிஸ்கட்டும் ஜூஸும் நீட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயசீலனுக்கும் எனக்கும் நடுவில் இப்போது பாக்கி எதுவும் இல்லை.