கேட்டவனுக்கெல்லாம் பதில்

இல்ல அண்ணாத்தே, லிஃப்ட் மாட்டிக்கல. லிஃப்ட் நின்னுச்சு. மாட்டிக்கினது நாமதான். சரியா சொல்லணும்ல? வாட்ச்மேனுக்கு போன் பண்ட்டேன். மெக்கானிக் பாடி ஏரியாலருந்து வரணுமாம், அரை மணி நேரம் ஆவும். தோள்ல கீற தண்ணி கேன எறக்கி வெய்யி. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல யாருக்குப் போடப்போற?

எனக்கா? வேர்க்குது, அவ்ளோதான். பதினோரு மணிக்கு மேல ஒரு விசாரணை. யுவராணின்னு ஒரு பொண்ணு, நம்ம ஆபீஸ்தான். அவளுக்கு வேல இருக்குமா போவுமான்னு இன்னிக்கு முடிவாவும். விசாரிக்கிற ஆளா? நான்தான். இந்த கம்ப்யூட்டர் வேல தெரிஞ்சது கம்பெனில நாங்க ரெண்டே பேரு. அவள அவளே விசாரிச்சிக்க முடியாதே.

இன்னா பண்ணாளா? இன்டர்நெட்ல பேரச் சொன்னா அட்ரஸ் குடுக்கிற மிஷினு எங்ககிட்ட கீது. போன்ல நீ ஒரு கடைப் பேர அடிக்கிற இல்ல, அது எந்த நம்பர்ல கீதுன்னு இதான் சொல்லும். எங்க கஸ்டமரு கேட்டா எந்தப் பேரா இருந்தாலும் தேடிக் குடுக்கலாம். ஊரான் கேட்டா, எங்க பொறுப்புல கீற பேருக்கு மட்டும்தான் பதில். மத்ததுக்கு வாயத் தொறக்கக் கூடாது.

தொறந்தா இன்னாவா? எவனோ உனக்கு போன் பண்றான். அங்கம்மான்னு யாரோ ஒருத்தங்க ஊட்டு வாசல்ல நூறு கேன் எறக்குன்றான். நீ யாரு எவருன்னு கேக்காம எறக்கிட்ற. உன்ன மாதிரியே ஆயிரம் பேரு எறக்கறான். அங்கம்மா கதவத் தொறக்க முடியுமா? உள்ளயே கெடக்கணும், நம்ம மாதிரி. ஆர்டர் போட்டவன் யாருன்னே தெரியாது. கேன்ல உன் கடைப் பேருதான் ஒட்டிகினு கீது.

அதேதான். எவனோ ஒருத்தன், கேக்கறவன் அட்ரஸ்னு சென்னீர்குப்பத்துல கீற ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரி அட்ரஸப் போட்டு, துண்டு துண்டா கேள்வி கேட்டுகினே இருந்துகீறான். எங்க மிஷினு ரொம்ப மரியாதயான மிஷினு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூட்ட பதில அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்சிகினே இருந்துச்சு. ரெண்டு நாளு அவங்க லைனே படுத்துக்கிச்சு. டோக்கன் போட முடியாம, கண்ணுல கட்டோட ஆளுங்க வெயில்ல நின்னாங்களாம்.

எப்டித் தொறந்துச்சா? யாருக்கு பதில் சொல்லலாம்னு ஃபைல்ல ஒரு வரி கீது. அதுல கஸ்டமர் நம்பருங்கதான் இருக்கணும். அத அழிச்சிட்டு எல்லாருக்கும்னு போட்டாச்சு. ஊட்லருந்து சோதிச்சுப் பாக்கத்தான். ஊட்டு இன்டர்நெட் நம்பரு அடிக்கடி மாறுது, எத்தினிவாட்டி திருத்தறது? பத்து நிமிஷத்துல பழையபடி மாத்திடலாம்னு நெனப்பு. அதுக்குள்ள சோறு ஆறுதுன்னு கூப்ட்டாங்க. அப்டியே மறந்துபோச்சு.

யுவராணிதான்னு எப்டித் தெரியும்னா, லாகின் அவ பேர்ல கீது. ஆனா எங்க ஆபீஸ்ல எல்லாருமே அவ பேர்லதான் உள்ள போவோம். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வெச்சிக்கலாம்னு அவ மூணுவாட்டி எழுதிக் குடுத்தா. யாருகிட்டயா? எங்கிட்டதான். பாக்கலாம்னு டிராயர்ல போட்டேன்.

இரு, மேல கதவத் தட்றாங்க. மெக்கானிக் இல்ல, அவதான். இன்னா யுவராணி? ஆங், ஒன்னும் ஆவல, காத்து வருது, நீ போம்மா. கேட்டியா அண்ணாத்தே? பயப்படாதீங்க சார், தொறக்கற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்றா. வேல போவப்போற பொண்ணு எனக்கு தைரியம் சொல்லுது.

இன்னா அண்ணாத்தே, அப்டிப் பாக்கற? அவங்க ஊட்ல சோறு ஆறுனது எனக்கு எப்டித் தெரியும்னா?

எங்க ஊட்டு சோறுதான் அது. மெதுவா பேசு, மேல கேக்கும்.